அளவுக்கு வரைந்த ஸ்வெட்ஷர்ட் பேட்டர்னை ஹூட் வைத்த கார்டிகனாக மாற்றுவது: எதை அளவில் திருத்துவது, எதைத் தாளில் திருத்துவது?

கேள்வி | நீலநூல்

வணக்கம். உடல் அளவுகளைக் கொடுத்தால் அவற்றுக்கேற்ப வரைந்து தரும் ஒரு மென்பொருளின் வழியாக, ஹூட் (தலையை மூடும் முக்காடு) வைத்த ஸ்வெட்ஷர்ட்டுக்கான பேட்டர்ன் (துணியை வெட்டுவதற்கான தாள் வரைவு) ஒன்றைப் பெற்றிருக்கிறேன். அது தலைவழியாகப் போட்டுக்கொள்ளும், முன்பக்கம் மூடிய வடிவம். எனக்கு வேண்டியது கார்டிகன். முன்பக்கம் முழுவதும் திறந்து பட்டன் வைத்ததாக இருக்க வேண்டும், 4 செ.மீ. அகலமுள்ள பட்டி ஒன்று அடிவிளிம்பிலிருந்து கழுத்துவரை ஏறி, ஹூட்டின் முகவிளிம்பைச் சுற்றி, மறுபக்க அடிவிளிம்புவரை ஒரே ஓட்டமாக இறங்க வேண்டும்.

நான் கொடுத்த அளவுகளில் இங்கே தேவைப்படுபவை இவை: மார்புச் சுற்று 96 செ.மீ., மேல்மார்புச் சுற்று 89 செ.மீ., மேற்கைச் சுற்று 33 செ.மீ. பேட்டர்னை அச்சிட்டு, தையலுக்கு விட்டிருக்கும் 1 செ.மீ.யைக் கழித்து அளந்து பார்த்தேன். தைத்து முடித்த ஆடையின் மார்புச் சுற்று 104 செ.மீ. வருகிறது, கையின் மேற்பகுதி 38 செ.மீ. வருகிறது. துணி 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள லூப்நிட், அதாவது உட்புறம் நூல் கண்ணிகள் தெரியும் பின்னல் துணி. குறுக்குவாக்கில் 10 செ.மீ. துணியை இழுத்தால் 12.5 செ.மீ. வரை போகிறது.

இந்தக் கார்டிகனைச் சட்டைக்கு மேல் போட்டுக்கொள்ளும் எண்ணம் இருப்பதால் இன்னும் கொஞ்சம் தளர்வு வேண்டும். மார்புச் சுற்றை 96 என்பதற்குப் பதில் 104 என்று கொடுத்து மறுபடி வரையச் சொன்னால் போதுமா என்பது என் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி ஹூட்டைப் பற்றியது. நான் எப்போதும் பின்தலையில் கொண்டை போடுகிறேன். பேட்டர்னில் உள்ள ஹூட் நடுவில் ஒரே தையல் கொண்ட இரண்டு துண்டு ஹூட். அதன் ஆழம், அகலமான இடத்தில் 24 செ.மீ., முகவிளிம்பு கழுத்திலிருந்து உச்சிவரை 34 செ.மீ. இது கொண்டைக்குப் போதாது என்று தோன்றுகிறது. மேலும், முன், பின் கழுத்துகளின் வெட்டுக் கோட்டை அளந்து கூட்டினால் வரும் நீளத்தைவிட ஹூட்டின் அடிப்பகுதியின் வெட்டுக் கோடு ஒரு பக்கத்துக்குச் சுமார் 2 செ.மீ. அதிகமாக இருக்கிறது. பேட்டர்ன் தவறாக வரையப்பட்டிருக்கிறதா, அல்லது அந்த அதிகப்படியைச் சுருக்கித் தைக்க வேண்டுமா?

பட்டியின் நீளத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதையும், என் வலது தோள் இடது தோளைவிட 1.2 செ.மீ. தாழ்ந்திருப்பதை எங்கே சரிசெய்வது என்பதையும் கூறினால் நன்றியுடையவளாக இருப்பேன். துணியில் கத்தரி வைப்பதற்கு முன் தாளிலேயே அனைத்தையும் முடித்துவிட விரும்புகிறேன்.

பதில் | தாள்வரைவு

வணக்கம். மார்புச் சுற்றை 104 என்று கொடுக்க வேண்டாம். அளவுக்கு வரைந்த பேட்டர்னின் முழுப் பயனும், உடலைப் பற்றிய எண்கள் உண்மையாக இருக்கும்போது மட்டுமே கிடைக்கும். இத்தகைய மென்பொருள்களில் ஓர் அளவு ஓர் இடத்தோடு நின்றுவிடுவதில்லை. மார்புச் சுற்றிலிருந்து ஆர்ம்ஹோலின் (கை சேரும் திறப்பின்) ஆழம், முதுகின் அகலம், கையின் மேல் வளைவு என்று எவையெவை கணக்கிடப்படுகின்றன என்பது வடிவத்துக்கு வடிவம் மாறும். நீங்கள் 8 செ.மீ. கூட்டிச் சொன்னால், உங்களைவிடப் பெரிய உடலுள்ள ஒருவருக்கான ஆடையை அது வரையும். தளர்வான ஆடை உங்களுக்குக் கிடைக்காது. தோளிலும் முதுகிலும் பொருந்தாத ஆடையே கிடைக்கும். தளர்வையும் அது சுற்றளவின் சதவீதமாகக் கணக்கிடும் வகையாக இருந்தால், 96-க்கு 8 செ.மீ. தளர்வு கொடுத்த அதே விகிதம் 104-க்கு ஏறத்தாழ 8.7 செ.மீ. கொடுக்கும், ஆடை 112.7 செ.மீ.க்குப் போய்விடும்.

நான் பின்பற்றும் வழி இது. உடலால் வரும் மாற்றம் எதுவாயினும் அதை அளவில் கொடுக்கிறேன். விருப்பத்தால் வரும் மாற்றம் எதுவாயினும் அதை மென்பொருளின் விருப்பத் தேர்விலோ தாளிலோ செய்கிறேன். சட்டைக்கு மேல் போடுவது உங்கள் விருப்பம்; அது உங்கள் உடலின் அளவு அன்று. ஆகவே அளவெடுக்கும்போதும் மெல்லிய உள்ளாடையோடுதான் எடுக்க வேண்டும். சட்டையின் மீது டேப்பைச் சுற்றி எடுக்கக் கூடாது.

ஃப்ரீசூயிங் போன்ற திறந்தமூலக் கருவிகளில் மார்புத் தளர்வு என்பது தனி விருப்பமாகவே, சதவீதத்தில் இருக்கும். உங்கள் மென்பொருளிலும் அப்படி ஒன்று இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். சட்டைக்கு மேல் போடும் லூப்நிட் கார்டிகனுக்கு 14 செ.மீ. அளவில் தளர்வு நன்றாக இருக்கும் என்பது என் கருத்து. 96-இல் 15 சதவீதம் 14.4 செ.மீ., அதாவது முடிந்த ஆடை சுமார் 110 செ.மீ. சீம்லி2டி போல வரைபடத்தின் சூத்திரங்களையே திறந்து பார்க்க அனுமதிக்கும் மென்பொருளாக இருந்தால் இன்னும் நல்லது. அதில் அளவுக் கோப்பு வேறு, வரைபடக் கோப்பு வேறு என்பதால், அளவைத் தொடாமல் சூத்திரத்தில் மட்டும் தளர்வை மாற்றலாம்.

எந்த விருப்பமும் இல்லையென்றால் தாளில் செய்வது கடினமன்று. முன், பின் துண்டுகளின் பக்கத் தையலில் தலா 1.5 செ.மீ. வெளியே தள்ளுங்கள்; நான்கு விளிம்புகளுக்கும் சேர்த்து 6 செ.மீ. கூடி, 104 என்பது 110 ஆகிவிடும். அதே இடத்தில் ஆர்ம்ஹோலின் அடியை 1 செ.மீ. கீழிறக்குங்கள், ஏனெனில் உள்ளே இருக்கும் சட்டையின் அக்குள் பகுதிக்கும் இடம் வேண்டும். இங்கே பலரும் கவனிக்காமல் விடுவது கையைத்தான். பக்கத் தையலில் செய்த அதே மாற்றத்தைக் கையின் அடித் தையலின் இரு விளிம்புகளிலும் செய்ய வேண்டும்: 1.5 செ.மீ. வெளியே, 1 செ.மீ. கீழே. அப்படிச் செய்தால் கையின் மேல் வளைவும் ஆர்ம்ஹோலும் ஒரே அளவாகக் கூடும்; கையின் மேற்பகுதியும் 38-லிருந்து 41 செ.மீ. ஆகும், 33 செ.மீ. மேற்கைக்கு அது சட்டையோடு சேர்த்துத் தாராளமாகப் போதும். வரைந்த பின் இரண்டு வளைவுகளின் தையல் கோட்டையும் அளந்து ஒப்பிடுங்கள். நிட் துணியில் கையின் வளைவு ஆர்ம்ஹோலைவிட 1 செ.மீ.க்கு மேல் அதிகமாக இருக்கத் தேவையில்லை.

கழுத்தும் ஹூட்டும் 2 செ.மீ. வேறுபடுவதாகக் கூறியிருக்கிறீர்கள். நீங்கள் அளந்தது வெட்டுக் கோட்டை. ஆனால் துணிகள் ஒன்றோடொன்று சேர்வது தையல் கோட்டில். கழுத்துவளைவு உட்குழிந்தது, ஆகவே தையலுக்கு விட்ட பகுதி வளைவின் உட்புறமாக வரும். அதன் விளிம்பு தையல் கோட்டைவிடக் குட்டையாகவே இருக்கும். ஹூட்டின் அடிவளைவில் கீழ்நோக்கிப் புடைத்த பகுதியில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. போதாக்குறைக்கு, பின்பக்கம் துணி மடிப்பில் வைத்து வெட்டப்படுவதால் நடுவில் தையலுக்கு எதுவும் விடப்பட்டிருக்காது. ஹூட்டின் பின்நடுவில் 1 செ.மீ. விடப்பட்டிருக்கும். அந்த 1 செ.மீ. மட்டுமே உங்கள் வேறுபாட்டில் பாதி. டேப்பைத் தட்டையாக வைக்காமல் அதன் விளிம்பில் நிறுத்தி, வளைவோடு நகர்த்தித் தையல் கோட்டை அளந்து பாருங்கள். அங்கேயும் வேறுபாடு இருந்தால் மட்டுமே அதைப் பேட்டர்னின் பிழையாகக் கருத வேண்டும்.

இந்தக் காரணத்துக்காகவே, திருத்தம் செய்ய எடுக்கும் பேட்டர்னைத் தையலுக்கு எதுவும் விடாத வடிவில் பதிவிறக்குவது நல்லது. எல்லாத் திருத்தங்களையும் தையல் கோட்டின் மேல் செய்துவிட்டு, கடைசியாகச் சுற்றிலும் 1 செ.மீ. சேர்த்தால் குழப்பமே வராது. அச்சிட்ட தாளில் உள்ள சோதனைச் சதுரத்தையும் அளந்துவிடுங்கள். அச்சுப்பொறி தாளுக்குப் பொருந்துமாறு சற்றே சுருக்கிவிட்டிருந்தால் மற்ற எல்லாக் கணக்கும் வீணாகும்.

இன்னொன்று. தாளில் செய்த திருத்தங்கள் மென்பொருளுக்குத் தெரியாது. பின்னாளில் உடல் அளவு மாறி மறுபடி வரையும்போது அவை மறைந்துவிடும். எனவே எந்த இடத்தில், எந்தத் திசையில், எத்தனை செ.மீ. என்று ஒரு தாளில் எழுதி அளவுகளோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். உடையில் இரண்டாவது முறை செய்யும் திருத்தம் முதல் முறையைப் போல நேரம் பிடிக்காமல் இருப்பதற்கு அந்தத் தாள்தான் காரணமாக இருக்கும்.

வலது தோளைப் பற்றி: உயர்ந்திருக்கும் இடது தோளின் சாய்வை அளவாகக் கொடுத்து வரையச் செய்யுங்கள். பிறகு வலது பக்கத்தில் மட்டும், கழுத்தருகே உள்ள புள்ளியை அசைக்காமல், தோளின் வெளிமுனையை முன், பின் இரண்டிலும் 1.2 செ.மீ. தாழ்த்துங்கள், ஆர்ம்ஹோலின் அடியையும் அதே 1.2 செ.மீ. தாழ்த்துங்கள். அப்படிச் செய்தால் ஆர்ம்ஹோலின் நீளம் மாறாது, இரு கைகளையும் ஒரே பேட்டர்ன் துண்டை வைத்து வெட்டலாம், கழுத்தும் ஹூட்டும் இருபுறமும் சமமாகவே இருக்கும். ஆனால் பின்பக்கத்தை இனி மடிப்பில் வைத்து வெட்ட முடியாது. முழுத் துண்டாகத் தாளில் வரைந்து, வலது இடது என்று எழுதிவிடுங்கள்.

பதில் | மூன்றுதுண்டு

மேலே உள்ள பதிலோடு முழுமையாக உடன்படுகிறேன். ஹூட்டையும் முன்பக்கத் திறப்பையும் பற்றி நான் கூறுகிறேன், ஏனெனில் தலைவழியாகப் போடும் ஆடையைக் கார்டிகனாக மாற்றும்போது உண்மையில் மாறுவது ஹூட்டின் எடை எங்கே தாங்கப்படுகிறது என்பதுதான்.

முன்பக்கம் மூடிய ஆடையில் ஹூட் பின்னால் தொங்கும்போது, முன்கழுத்து தொண்டைக்குக் கீழே உடலைத் தொட்டு நின்று அந்த இழுப்பைத் தாங்குகிறது. முன்பக்கத்தைத் திறந்துவிட்டால் தாங்குவதற்கு ஒன்றுமில்லை. ஹூட் தன் எடையால் பின்கழுத்தைக் கீழே இழுக்கும், தோள் தையல்கள் முதுகுப் பக்கம் நகரும், முன்விளிம்புகள் மேலேறி விலகும். உங்கள் 300 ஜிஎஸ்எம் துணியில் லைனிங் இல்லாத ஹூட் ஏறத்தாழ 65 கிராம் இருக்கும். அதே துணியாலேயே லைனிங் கொடுத்தால் அது இரு மடங்காகும். ஆகவே லைனிங் வேண்டுமென்றால் மெல்லிய ஜெர்சித் துணியைப் பயன்படுத்துங்கள். பின்கழுத்தை எக்காரணம் கொண்டும் மேலும் இறக்காதீர்கள், கழுத்தை அகலப்படுத்தவும் வேண்டாம். தோள் தையல்களிலும், ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை பின்கழுத்துத் தையலிலும் நீளாத நாடா ஒன்றைச் சேர்த்துத் தையுங்கள். இந்த நாடாவைத் தேவைக்கேற்பச் சேர்க்கும் அலங்காரமாக எண்ண வேண்டாம். ஹூட் வைத்த கார்டிகனின் வடிவம் சில சலவைகளுக்குப் பிறகும் நிற்பது அதனால்தான்.

இனி முன்பக்கம். பட்டன் போடும்போது இரு பட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, பட்டியின் நடுக்கோடு உடலின் நடுக்கோட்டில் வர வேண்டும். பட்டியின் அகலம் 4 செ.மீ. என்றால், முன்துண்டின் விளிம்பு நடுக்கோட்டிலிருந்து 2 செ.மீ. உள்ளே தள்ளி முடிய வேண்டும். அந்த 2 செ.மீ.யைத் தாளில் மேலிருந்து கீழ்வரை வெட்டி எடுத்துவிட்டு, புதிய தையல் கோட்டிலிருந்து 1 செ.மீ. சேருங்கள். பட்டியை இரட்டையாக மடித்துத் தைப்பதால் அதை 10 செ.மீ. அகலத்தில் வெட்ட வேண்டும்.

முன்விளிம்பை உள்ளே தள்ளிய உடனே கழுத்தும் பக்கத்துக்கு 2 செ.மீ. குறைந்துவிடுகிறது. எனவே ஹூட்டின் முகவிளிம்பையும் அடியிலிருந்து உச்சிவரை அதே 2 செ.மீ. உள்ளே தள்ள வேண்டும். அதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள்: கயிறு கோப்பதற்காக முகவிளிம்பில் 3 செ.மீ. அளவுக்கு ஒரு மடிப்பு சேர்க்கப்பட்டிருக்கும். பட்டி வைக்கும் கார்டிகனுக்கு அது தேவையில்லை. அந்த மடிப்பை நீக்கிய பிறகுதான் 2 செ.மீ.யைக் கணக்கிட வேண்டும்.

உங்கள் ஹூட் சிறியதா என்பதை எண்களை வைத்து முடிவு செய்வோம். கொண்டையோடு இரண்டு அளவுகள் எடுங்கள். முதலாவது, தொண்டைக்குழியிலிருந்து கன்னத்தின் ஓரமாக ஏறி, உச்சந்தலையைக் கடந்து, மறுபக்கம் தொண்டைக்குழிவரை, டேப்பை இறுக்காமல். அதில் பாதியோடு 2 செ.மீ. சேர்த்தால் முகவிளிம்பின் நீளம். இரண்டாவது, ஒரு நெற்றிப்பொட்டிலிருந்து பின்தலையைச் சுற்றி, கொண்டையின் மிகப் புடைத்த இடத்தின் மேலாக மறு நெற்றிப்பொட்டுவரை. அதில் பாதியோடு 3 செ.மீ. சேர்த்தால் ஹூட்டின் முடிந்த ஆழம். முடிந்த ஆழம் என்பதில் பட்டியின் 4 செ.மீ.யும் அடங்கும் என்பதை மறக்கலாகாது. உங்கள் ஹூட்டில் 24-லிருந்து 2-ஐ வெட்டினால் 22. பட்டி 4-ஐச் சேர்த்தால் 26. ஆக, பட்டி வைப்பதாலேயே உங்கள் ஹூட் 2 செ.மீ. ஆழமாகிவிடுகிறது. இதைக் கணக்கில் எடுக்காமல் முதலிலேயே ஹூட்டைப் பெரிதாக்கினால் அது கண்களின் மேல் வந்து விழும்.

கொண்டைக்கு வேண்டியது ஆழம் அன்று, பின்புறத்தில் உருண்டையான இடம். நடுவில் ஒரே தையல் கொண்ட ஹூட் எவ்வளவு பெரியதானாலும் பின்னால் கூராகவே நிற்கும். கொண்டை அந்தத் தையலை முட்டித் தள்ளும். அதனால் இரண்டு துண்டு ஹூட்டை மூன்று துண்டாக மாற்றும்படி உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். முறை இது: பக்கத் துண்டின் பின்வளைவிலிருந்து, உச்சிவரை முழுவதும், தையல் கோட்டுக்கு உள்ளே 4 செ.மீ. தள்ளி இணையாக ஒரு கோடு வரைந்து வெட்டுங்கள். இரண்டு பக்கத் துண்டுகளிலும் இழந்த 4 செ.மீ.களைச் சேர்த்து 8 செ.மீ. அகலமுள்ள நீண்ட நடுத்துண்டு ஒன்று வரையுங்கள். அதன் நீளம், பக்கத் துண்டில் நீங்கள் புதிதாக வரைந்த வளைவின் நீளமேயன்றிப் பழைய வளைவின் நீளமன்று. கழுத்துத் தையலின் மொத்த நீளம் இதனால் மாறாது. கொண்டை வரும் உயரத்தில் மட்டும் நடுத்துண்டை 8-லிருந்து 11 செ.மீ.யாக மெல்லப் புடைக்கவிட்டு, உச்சியில் மீண்டும் 8-க்குக் கொண்டுவாருங்கள். அகலம் வேண்டிய இடத்தில் மட்டுமே கூடும், முகப்பக்கம் அப்படியே இருக்கும். பக்கத் துண்டிலும் நடுத்துண்டிலும் கொண்டையின் உயரத்திலும் உச்சியிலும் அடையாள வெட்டுகள் போட்டுக்கொள்ளுங்கள். அவை இல்லாமல் இந்த வளைவைத் தைத்தால் ஒரு பக்கம் நீண்டு ஹூட் முறுக்கிக்கொள்ளும்.

பட்டிக்கு ரிப் துணியை (வரிவரியாக இருந்து நன்கு நீளும் பின்னல் துணி) தேர்ந்தால், முன்பக்கங்களில் தையல் கோட்டின் நீளமே பட்டியின் நீளம். அங்கே பட்டியைக் குறைத்து இழுத்துத் தைத்தால் கார்டிகனின் முன்விளிம்பு மேலேறிவிடும். ஹூட்டைச் சுற்றும் பகுதியில் மட்டும் 5 சதவீதம் குறையுங்கள். முகத்தைச் சுற்றி அது லேசாக அணைந்து நிற்கும். கழுத்துத் தையல், ஹூட்டின் உச்சி ஆகிய இடங்களைப் பட்டியில் முன்கூட்டியே குறித்துக்கொண்டால் இந்தக் குறைப்பு உரிய பகுதியில் மட்டும் விழும். பட்டியில் ஒட்டு வேண்டியிருந்தால் அதை உச்சியில் வையுங்கள்.

நீலநூல்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தையல் கோட்டில் அளந்தபோது கழுத்தும் ஹூட்டும் சரியாகப் பொருந்துகின்றன. மென்பொருளில் தளர்வுக்கான தேர்வும் இருக்கிறது. அதை 15 சதவீதமாக மாற்றி, மார்புச் சுற்றை 96 என்றே விட்டுவிட்டேன்.

கொண்டையோடு எடுத்த அளவுகள்: தொண்டைக்குழியிலிருந்து உச்சி வழியாக மறுபக்கம்வரை 70 செ.மீ., நெற்றிப்பொட்டிலிருந்து நெற்றிப்பொட்டுவரை 47 செ.மீ. அப்படியானால் ஆழம் 26.5 செ.மீ. வேண்டும், கிடைப்பது 26 என்பதால் நடுத்துண்டின் புடைப்பே அதை ஈடுகட்டிவிடும் என்று புரிந்துகொள்கிறேன். ஆனால் முகவிளிம்பு 37 செ.மீ. வேண்டும், பேட்டர்னில் இருப்பதோ 34. இந்த 3 செ.மீ.யை எங்கே சேர்ப்பது? முன்பக்கத் தையல் கோடு கழுத்திலிருந்து அடிவரை 58 செ.மீ. வருகிறது. ரிப் துணி கிடைக்காவிட்டால் அதே லூப்நிட்டில் பட்டி வெட்டலாமா? மேல்மார்புக்கும் மார்புக்கும் 7 செ.மீ. வேறுபாடு இருப்பதால் முன்பக்கம் அடியில் விலகி நிற்குமோ என்றும் ஓர் ஐயம்.

பதில் | காஜாப்பட்டி

உயரத்தை உச்சியில் சேர்க்காதீர்கள், அடியிலும் சேர்க்காதீர்கள். இரண்டிலும் வளைவு கெட்டுவிடும். நடுத்துண்டைப் பிரிப்பதற்கு முன், பழைய பக்கத் துண்டில் கண் மட்டத்தில் முகவிளிம்பிலிருந்து பின்வளைவுவரை ஒரு குறுக்குக் கோடு வரைந்து வெட்டி, இரு பாதிகளையும் இணையாக 3 செ.மீ. விலக்கி, இடையில் தாள் ஒட்டி, இரு ஓரங்களையும் சீராக்குங்கள். நடுத்துண்டின் நீளத்தை இதற்குப் பிறகு அளந்தால் அது தானாகவே சரியாக வந்துவிடும். இந்த வரிசை முக்கியம்: முதலில் உயரம், பிறகு முகவிளிம்பில் 2 செ.மீ. வெட்டு, பிறகு நடுத்துண்டு, கடைசியில் தையலுக்கான 1 செ.மீ.

பட்டியைப் பொறுத்தவரை, பட்டன் வைக்கும் கார்டிகனுக்கு ரிப்பைவிட அதே லூப்நிட்டே மேலானது என்று நான் கருதுகிறேன்; இதில் முந்தைய பதிலிலிருந்து மாறுபடுகிறேன். ரிப் பட்டியில் பட்டனின் இழுப்பால் காஜாக்கள் வாய் திறக்கும், பட்டன்களுக்கு இடையே விளிம்பு அலைபாயும். லூப்நிட்டைத் துணியின் நீளவாக்கில், அதாவது குறைவாக நீளும் திசையில் வெட்டி, இரு முன்பக்கங்களின் பகுதிக்கு மட்டும் நிட் துணிக்கான மெல்லிய ஒட்டு கேன்வாஸ் (இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் உள்துணி) கொடுங்கள். அப்போது ஹூட் பகுதியிலும் நீளத்தைக் குறைக்க வேண்டியதில்லை: 58 செ.மீ. இருமுறை, 37 செ.மீ. இருமுறை, மொத்தம் 190 செ.மீ. இதை உச்சியில் ஒட்டு வைத்து இரண்டு துண்டுகளாக வெட்டினால் ஒவ்வொன்றும் 95 செ.மீ.; இரு முனைகளிலும் தையலுக்கு 1 செ.மீ. சேர்த்தால் 97. ஹூட்டின் வளைவைப் புதிதாக வரைந்த பிறகு 37 சற்று மாறியிருக்கலாம் என்பதால், இறுதிக் கோட்டை அளந்த பின்பே பட்டியை வெட்டுங்கள்.

மார்பைப் பற்றிய உங்கள் ஐயம் சரியானது. டார்ட் (வடிவம் தர நுனி கூராகப் பிடித்துத் தைக்கும் மடிப்பு) இல்லாத முன்பக்கம் மார்பின் மேல் ஏறும்போது, அந்த உயரத்துக்கு வேண்டிய துணியை அடிவிளிம்பிலிருந்தும் பக்கங்களிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. மூடிய ஆடையில் அது அடியில் லேசாக உயர்வதோடு நிற்கும், திறந்த கார்டிகனில் இரு முன்விளிம்புகளும் அடியில் விலகும். எனவே முதலில் உங்கள் மென்பொருள் மேல்மார்பையும் மார்பையும் தனித்தனியே கணக்கில் எடுக்கிறதா என்று பாருங்கள். பக்கத் தையலில் முன்துண்டு பின்துண்டைவிட நீளமாக இருந்தால் அது எடுத்திருக்கிறது என்று பொருள். இரண்டும் சமமாக இருந்தால், முன்துண்டில் மார்பின் உயர்ந்த புள்ளியின் வழியாகக் குறுக்கே வெட்டி 1.5 செ.மீ. விலக்குங்கள். பக்கத் தையலில் கூடிய அந்த 1.5 செ.மீ.யைச் சிறிய டார்ட்டாகப் பிடித்து, அதன் நுனியை மார்பின் புள்ளிக்கு 3 செ.மீ. முன்னதாகவே முடியுங்கள். மெல்லிய ஜெர்சியாக இருந்தால் டார்ட் இல்லாமலே பக்கத் தையலில் பரவலாகச் சேர்த்துத் தைத்துவிடலாம். 300 ஜிஎஸ்எம் லூப்நிட் அப்படி அடங்காது, சுருக்கம் வெளியே தெரியும். இந்தத் திருத்தத்தால் முன்விளிம்பும் 58-லிருந்து 59.5 ஆகும், பட்டியின் கணக்கில் இருபுறமும் 1.5 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்.

நல்ல துணியை வெட்டுவதற்கு முன், ஏறத்தாழ அதே அளவு நீளும் பழைய துணி ஒன்றில் உடம்பின் மேற்பகுதியையும் ஹூட்டையும் மட்டும் மாதிரியாகத் தைத்துப் பாருங்கள். கைகள் தேவையில்லை, அடிப்பகுதி தேவையில்லை. சட்டையின் மேல் அதைப் போட்டு, நடுக்கோட்டில் ஊசி குத்தி மூடி, ஹூட்டைப் பின்னால் தொங்கவிட்டு நடந்து பாருங்கள். தோள் தையல் பின்னால் நகர்ந்தால், பின்கழுத்தின் நடுவை 0.5 முதல் 1 செ.மீ. உயர்த்தி, தோளில் ஒன்றுமில்லாமல் முடியுமாறு வளைவை மாற்றி வரையுங்கள். கழுத்துத் தையல் கோட்டை அதன் பிறகு மீண்டும் அளந்து, ஹூட்டின் அடியோடு ஒப்பிட வேண்டும். ஹூட்டை அணிந்து தலையை இருபுறமும் திருப்பும்போது அது தலையோடு திரும்பாமல் ஒரு கண்ணை மறைத்தால், ஆழம் அதிகமாக இருக்கிறது என்று பொருள். நடுத்துண்டைத் தொடாமல் முகவிளிம்பில் 1 செ.மீ. குறையுங்கள். துணியை வெட்டுமுன் ஒருமுறை துவைத்து உலர்த்திவிடுவதும் அவசியம், லூப்நிட் நீளவாக்கில்தான் அதிகம் சுருங்கும்.

தைக்கும்போது உருண்டை முனையுள்ள நிட் ஊசி, 90 எண், பயன்படுத்துங்கள். ஓவர்லாக் (விளிம்பைச் சுற்றித் தைக்கும் இயந்திரம்) இல்லையென்றால் மிகக் குறுகிய ஜிக்ஜாக் போதும். கழுத்து, தோள், பட்டி மூன்றும் சேரும் இடத்தில் துணி பல அடுக்காகக் குவியும். அங்கே உள்ளே வரும் விளிம்புகளைப் படிப்படியாக வெவ்வேறு அகலத்தில் கத்தரித்துவிட்டால் பட்டி மேடாகத் தெரியாது.

காஜாக்களை மேலிருந்து சம இடைவெளியில் குறிக்கத் தொடங்க வேண்டாம். மார்பின் மிக உயர்ந்த இடத்தில் முதல் காஜாவைக் குறியுங்கள், ஏனெனில் முன்பக்கம் இழுபட்டுத் திறக்கும் இடம் அதுவே. அடுத்தது கழுத்துத் தையலுக்கு 1.5 செ.மீ. கீழே. இவ்விரண்டுக்கும் இடையிலான தூரத்தைச் சமமாகப் பிரித்து, அதே இடைவெளியைக் கீழ்நோக்கித் தொடர்ந்து, அடிவிளிம்புக்கு 6 அல்லது 7 செ.மீ. மேலே நிறுத்துங்கள். பட்டி குறுகலானது என்பதால் காஜாக்கள் நீளவாக்கில், பட்டியின் சரிநடுவில் இருக்க வேண்டும்.